நடவு வயலில் ஒரு பெர்மாட்டா

கூடுவாஞ்சேரியில் என் மகன் வீட்டுக்கு அடுத்த தெருவில் எங்கள் கோயில் இருக்கிறது. இங்கே எல்லாரும் அதைச் சர்ச் என்கிறார்கள். எனக்கு வாயில் கோயில் என்றுதான் வரும். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பாட்டுப் பயிற்சி நடக்கும்போது நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். போன வாரம், கீபோர்டு வாசிக்கிற பையன் ஒரு பெண்ணைப் பாதிப் பாட்டில் நிறுத்தி, "அந்த எடத்துல பெர்மாட்டா போட்டிருக்கே, பாக்கலையா?" என்று கேட்டான். அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீட்டிப் புடிச்சிகினு நிக்கணும் கண்ணு. பாட்ட நடத்தறவரு தூக்கன கை கீழ எறங்கற வரிக்கும் வுடக்கூடாது," என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பின. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். இன்றைக்கும் பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் இத்தாலி தேசத்து வார்த்தைகள் எனக்குத் தெரியும். தணிந்த குரலில் பாடு என்றால் பியானோ, ஓங்கிப் பாடு என்றால் போர்ட்டே, வர வர ஓங்கு என்றால் கிரெசண்டோ, விரைசலாகப் போ என்றால் அலெக்ரோ, நிதானமாகப் போ என்றால் அடாஜியோ. எந்த ஸ்கூலில் படித்தீர்கள் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். கொஞ்சம் கோயிலில், கொஞ்சம் சேற்றில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் செய்யூர்ப் பக்கம். ஊர் என்றால், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி எங்கள் தெரு. நிலமெல்லாம் பெரிய வீட்டுக்காரருடையது. எங்கள் ஆட்கள் அதில் கூலிக்கு உழுதார்கள், நட்டார்கள், அறுத்தார்கள். எங்களுக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. ஆனால் நாங்கள் கோயிலில் நாலு குரலாகப் பிரிந்து பாடுவோம். செங்கல்பட்டிலிருந்து வருகிற போதகர் எங்கள் பாட்டைக் கேட்பதற்காகவே ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார்.

பாட வைத்தவர் மிஷன் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார். சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் கற்றவர். அவர் கையில் இருக்கிற தாளில் பாட்டு ஒரு பக்கம் இருக்கும், அதன் மேலும் கீழும் சாய்ந்த எழுத்தில் குட்டிக் குட்டியாக வேறு வார்த்தைகள் இருக்கும். அதுதான் இத்தாலி பாஷை.

"எதைப் பாடணுங்கறது நம்ம பாஷை. எப்படிப் பாடணுங்கறது இத்தாலி பாஷை. இங்கிலீஷ்காரனே இதுக்குத் தன் பாஷைல வார்த்தை வெச்சுக்கல, இதைத்தான் சொல்றான். உங்களுக்கு மட்டும் என்ன கஷ்டம்?" என்பார் வாத்தியார்.

இங்கிலீஷ்காரனும் இரவல்தான் வாங்கினான் என்று தெரிந்ததும் எங்கள் தெருவுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. வார்த்தைகள் கோயிலோடு நிற்கவில்லை. வண்டி ஓட்டுகிற மாமா மாட்டின் வாலைத் தொட்டு "அலெக்ரோ, அலெக்ரோ" என்பார். மாடு தன் நடையை மாற்றிக்கொண்டதில்லை, மாமாவும் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. குழாயடியில் இரண்டு பேர் சண்டை பிடித்தால், "இன்னாடி, கிரெசண்டோ ஏறிகினே போவுது!" என்று மூன்றாவது பெண் சிரிப்பாள். தம்பி பிறந்த பிறகு எங்கள் வீட்டில் எந்நேரமும் "பியானோ, பியானோ" தான். தம்பியைத் தவிர எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

இந்த வார்த்தைகளை எல்லாம் வாத்தியாருக்கு அடுத்தபடியாகச் சரியாகச் சொன்னவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகாதவள். கோயிலில் அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மற்றப் பெண்கள் மேலே ஏறுவார்கள். நடவு வயலிலும் அப்படித்தான். முதல் அடியை அவள் எடுத்துக் கொடுப்பாள், வரிசை வாங்கிக்கொள்ளும்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். ஓர் இடத்தில் நிற்க மாட்டேன். சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வருவேன். வாசலில் ஒன்றும் இருக்காது. அம்மா, "உனுக்கு உள்ளங்கால்ல இன்னா, நெருப்பா வெச்சிகீது?" என்பாள். குரல் மட்டும் நன்றாக இருந்ததால் வாத்தியார் என்னைப் பெண்கள் வரிசைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். ஈஸ்டர் பாட்டின் கடைசியில் ஓர் அல்லேலூயா வரும். அதன் தலைமேல் ஒரு பிறை, பிறைக்குள் ஒரு புள்ளி. அதுதான் பெர்மாட்டா. அந்த இடத்தில் வாத்தியார் கையைத் தூக்கி நிறுத்துவார். எல்லாரும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் எப்போதும் முதலில் விட்டுவிடுவேன். மூச்சு போதாமல் இல்லை. மூச்சு இருக்கும், இருப்புக் கொள்ளாது.

"எம்மாம் நேரம் சார் நிக்கறது?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"அது எழுதல," என்றார் வாத்தியார். "மத்த எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு, பெர்மாட்டாவுக்குக் கணக்கு கிடையாது. யாரு கையத் தூக்கறாங்களோ அவங்க எறக்கற வரைக்கும். இன்னொரு தடவை முன்னாடி வுட்டியானா, ஈஸ்டர் அன்னிக்கு நீ பாய்ல உக்காந்து பாட்டுக் கேக்கலாம்."

எனக்குப் பகீர் என்றது. அத்தை எனக்கு வெள்ளைப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு பாயில் உட்காருவதா! ஈஸ்டருக்கு முந்தின அந்த நோன்பு நாட்கள் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. போகிற வழியில் நின்று பழகினேன். பனைமரத்தைப் பார்த்து நிற்பேன், கையைத் தூக்க ஆள் இல்லாததால் எப்போது விடுவதென்று தெரியாமல் ஓடிவிடுவேன்.

அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் வெகுநாள் நின்றதால் தையில் முடிய வேண்டிய நவரை நடவு தள்ளிப் போய், நோன்பு நாளில் வந்து சேர்ந்தது. பெரிய வீட்டுக்கு மேஸ்திரியும் புதிது. எதைக் கண்டாலும் அவசரம் அவருக்கு. கைக்குழந்தைக்காரிகள் நடுவில் கரையேறிப் பால் கொடுத்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் கேட்டதுமில்லை, யாரும் தடுத்ததுமில்லை. புது மேஸ்திரி தடுத்தார். ஒருத்தி ஏறினால் வரிசை கோணிப்போகிறதாம். கழனி முடிகிற வரைக்கும் யாரும் கரையேறக் கூடாது என்றுவிட்டார்.

எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள் அது. வரப்போரத்துப் புங்க மரத்தில் அம்மாவின் பழைய சேலையைத் தூளியாகக் கட்டி, தம்பியை அதில் போட்டு, என்னைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருக்க என்னால் முடியுமா? ஒரு தள்ளு தள்ளிவிட்டு வாய்க்காலுக்கு ஓடுவேன், ஒரு நண்டு வளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தள்ளு. வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பாடிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்து நட்டார்கள். மேஸ்திரி குடையோடு பக்கத்தில் வந்தால் அத்தை பாட்டுக்கு நடுவிலேயே "அலெக்ரோ" என்பாள், கைகள் விரையும். அவர் பீடி பற்றவைக்கத் தள்ளிப் போனால் "அடாஜியோ" என்பாள், இடுப்புகள் இளகும்.

"இன்னாடி அது, உங்க சாமி பேரா?" என்றார் மேஸ்திரி.

"இத்தாலி பேச்சு மேஸ்திரி," என்றாள் அத்தை.

"இத்தாலியா? அது எந்தாண்ட கீது, கல்பாக்கம் தாண்டியா?"

வரிசை முழுக்கக் குனிந்தபடியே குலுங்கியது. மேஸ்திரிக்குத் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டுவிட்டது. "பல்லைக் காட்டாம நடுங்கடி," என்றார்.

வெயில் ஏறியது. தம்பி அழ ஆரம்பித்தான். ஆட்டினேன், நிற்கவில்லை. விரலைக் கொடுத்தேன், சப்பிப் பார்த்துவிட்டுத் துப்பினான். வரப்பில் ஓடினேன்.

"யம்மா, தம்பி அயுவுது!"

"ஆட்டுடி, வந்துர்றேன்," என்றாள் அம்மா தலையைத் தூக்காமல்.

ஓடி வந்து ஆட்டினேன். அழுகை கூடியது. மறுபடி ஓடினேன். "யம்மா, தம்பி மூஞ்சிலாம் செவந்துகினு வருது!" அம்மா இந்தத் தடவை நிமிர்ந்து புங்க மரத்தைப் பார்த்தாள். அவள் ரவிக்கை முன்னால் நனைந்திருந்தது. சேற்றுத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அதில் சேறு இல்லை.

"மேஸ்திரி, ஒரு நடை போய் வந்துர்றேன்," என்றாள்.

"ஏய், இன்னா சொல்லிகீறேன்? இந்தக் கழனி முடிஞ்சா போ. கொயந்த அயுதா செத்தா பூடும்?"

அம்மா குனிந்தாள். நான் மரத்துக்கு ஓடினேன், வயலுக்கு ஓடினேன், எனக்கே அது எத்தனையாவது ஓட்டம் என்று தெரியவில்லை. தம்பியின் குரல் கம்மி, வெறும் காற்றாக வர ஆரம்பித்தது. எனக்கு அங்கேயும் இருக்க முடியவில்லை, இங்கேயும் இருக்க முடியவில்லை.

அப்போது பாட்டு ஓர் அடியின் கடைசிக்கு வந்திருந்தது. அத்தை நிமிர்ந்தாள். சேறு வழிகிற வலது கையைத் தூக்கினாள், கையில் நாற்று முடி. தூக்கின கையை அப்படியே நிறுத்தினாள்.

வரிசை மொத்தமும் நிமிர்ந்தது. கடைசிச் சுரத்தைப் பிடித்தார்கள். ஒருத்தர் மூச்சு முடிய, அடுத்தவர் மூச்சு முடிய, ஒவ்வொரு குரலாக அடங்கிப்போனது. குரல் போன பிறகும் யாரும் குனியவில்லை. கையில் நாற்றோடு, முழங்கால் சேற்றில், எல்லாரும் அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதுகு கூனின பெரியம்மா ஒருத்தி வரிசைக் கடைசியில் இருந்தாள். அவள்கூட நிமிர முடிந்த மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஈஸ்டர் பயிற்சியை வயலிலேயே வைத்துவிட்டார்கள்! நான் விடுகிறேனா என்று பார்க்கத்தான் அத்தை வேண்டுமென்றே சொல்லாமல் ஆரம்பித்திருக்கிறாள். மரத்தடியில் தூளிக் கயிற்றைப் பிடித்தபடி நானும் அப்படியே நின்றேன்.

விட்டவள் என் அம்மாதான். எல்லாரும் நிற்கும்போது அவள் மட்டும் நாற்றைக் கீழே போட்டுவிட்டு, சேற்றை மிதித்துக் கரையேறி, வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. குடும்பத்துப் பேரையே கெடுத்தாளே!

"அந்தாண்ட நவுருடி," என்றாள். நான் நகரவில்லை. அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தம்பியை எடுத்து, வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அழுகை நின்றது.

மேஸ்திரிதான் பதறிப்போனார். "இன்னா எல்லாம் நின்னுகினு கீறீங்க? நாத்து வாடுது, நடுங்கடி!"

"பாட்டு நிக்குது மேஸ்திரி," என்றாள் அத்தை. கை இறங்கவில்லை.

"எம்மாம் நேரம் நிக்கும்?"

"அது எழுதல."

"எழுதலியா? ஆரு எழுதணும்? இன்னா வெளாட்றியா? பெரிய வூட்ல சொன்னா இன்னா ஆவும் தெரியுமா?" வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். குடையை மடக்கினார், விரித்தார். என்னைப் போலவே அவருக்கும் நிற்க முடியவில்லை. ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டினார். கூப்பிட்டவள் அவரைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பறித்த நாற்று வெயிலில் துவள ஆரம்பித்திருந்தது. அத்தை இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள், அதையும் பார்த்தேன்.

கட்டெறும்பு ஒன்று என் கணுக்காலில் ஏறியது. முழங்கால் வரை வந்து கடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் விடவில்லை.

அம்மா தம்பியை மறு பக்கம் மாற்றினாள். தோளில் போட்டுத் தட்டினாள். தூளியில் விட்டாள். வயலில் இறங்கி, தன் இடத்துக்குப் போய், போட்ட நாற்றை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அத்தையின் கை இறங்கியது. அடுத்த அடி எங்கே வர வேண்டுமோ அங்கே வந்து பாட்டு தொடர்ந்தது. மேஸ்திரி விரித்த குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அத்தே! நான் வுடல! எறும்பு கடிச்சும் வுடல!" என்று கரையிலிருந்து கத்தினேன். வரிசை சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் பியானோவாகிவிட்டது. நான் உள்ளே வந்தால் அதுவும் நின்றுவிடும். நடவுக்கு ஆள் கூப்பிட மேஸ்திரி தெருவுக்கு வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் நின்றார், எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். அடுத்த நாளும் தாண்டிப் போனார். அப்பா பெரிய வீட்டுக்குப் போய், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு காலை, அத்தை ஒரு துணிப்பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மகாபலிபுரத்துப் பக்கம் எங்கள் உறவுக்காரர் ஒருவர் சவுக்குத் தோப்பில் வேலை பார்த்தார். அங்கே போகிறாள் என்றார்கள்.

"ஏன் போற?"

"தொண்டை கட்டிகினு கீதுடி. கடக்காத்து பட்டா செரியாப் பூடும்."

தொண்டை நன்றாகத்தான் இருந்தது போலிருந்தது. ஆனால் பெரியவர்கள் தொண்டையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பாவாடையின் கரை பாதி தைத்தபடி இருந்தது, ஊசி அதிலேயே குத்தியிருந்தது. அதுதான் எனக்குக் கவலை.

"ஈஸ்டருக்குள்ள வந்துருவியா? எப்ப வருவ?"

அத்தை என் தலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். "அது எழுதலடி," என்றாள்.

அவள் போன மறுநாள் மேஸ்திரி எங்கள் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா போனாள். தம்பி அழுதபோது கரையேறிப் பால் கொடுத்தாளாம், மேஸ்திரி குடையை வேறு பக்கம் சாய்த்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு அந்த நிலத்தில் எந்தத் தாயையும் யாரும் தடுக்கவில்லை. அத்தை திரும்பி வந்து அந்த நிலத்தில் நட்டதும் இல்லை. தோப்புப் பக்கமே ஒருவரைக் கட்டிக்கொண்டு, கடலோரத்திலேயே இருந்துவிட்டாள். இதெல்லாம் நான் பின்னால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தைக்குத் தொண்டை கெட்டுவிட்டது, பாவாடைக் கரையை அம்மா கோணலாகத் தைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஈஸ்டர் வந்தது. வருஷா வருஷம் பெரிய வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு தட்டுப் பழமும் கற்கண்டும் வரும். கொண்டுவருகிறவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். அந்த வருஷம் தட்டோடு வந்தவர் மேஸ்திரி. வெள்ளை வேட்டி கட்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

பாடினோம். அத்தை நிற்கிற இடத்தில் யாரும் நிற்கவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டிருந்தார்கள். நெருக்கமாக நிற்கலாமே என்று நான் நினைத்தேன். கடைசி அல்லேலூயா வந்தது. வாத்தியார் கையைத் தூக்கினார். நான் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிடித்தேன். உள்ளங்கால் சுட்டது, பிடித்தேன். கை இறங்கியது. நிறுத்தினேன். என் ஆயுசிலேயே முதல் தடவையாகச் சரியான இடத்தில் நிறுத்தினேன்.

மற்றவர்கள் நிறுத்தவில்லை.

என் பின்னால் பெண்கள் வரிசை பிடித்துக்கொண்டே நின்றது. ஒருத்தி மூச்சு வாங்கும்போது இன்னொருத்தி தாங்கினாள். வயலில் குரல் அடங்கியது போல இங்கே அடங்கவில்லை. கூனின பெரியம்மாவின் குரல்கூடத் தனியாகக் கேட்டது. வாத்தியார் இறக்கின கையை ஒரு நொடி பார்த்தார், பிறகு மெல்ல மறுபடி தூக்கினார். மேஸ்திரியின் மடியில் தட்டு இருந்தது. அவர் கற்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை நாள் என்னைத் திட்டினவர்கள் இவர்கள்தானே? திரும்பி அவர்களை முறைத்தேன். என் அம்மா அத்தையின் காலி இடத்தைப் பார்த்துக் கண்ணீர் வழியப் பாடிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய பெண்களுக்குக் கையைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்து, வெள்ளைப் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, வாயை இறுக மூடி நிமிர்ந்து நின்றேன். அன்றைக்கு அந்தக் கோயிலில் வாத்தியாரின் கையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.